அந்த மூணாவது என்னங்க?

மயூர் விஹார், தில்லி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வைஷ்ணவிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆக்லாந்தில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்தி ஷ்ருதிக்கும் முழங்கால் உட்பட எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்ளும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததும் நீ சொல்வதற்கெல்லாம் ‘சரிம்மா’ என்று சொல்லிவிடுகிறேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்கிறேன். காகிதம் குறுக்கே பேசாது. எழுதி முடித்ததும் கீழ் வீட்டுப் பஞ்சாபிக்கார பாட்டியா அம்மாள் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாதது ஒரு வசதி. நீ லக்ஷ்மிபாய் நகர் பள்ளியில் தமிழ் படித்தது இன்னொரு வசதி.

இந்தக் கடிதத்தில் வருபவை:

1. அம்மாவின் முதல் வருஷ நாள் நடந்த விதம்.
2. ஷ்ருதி பள்ளிக்காகத் தன் பாட்டியைப் பற்றிக் கேட்டது: அம்மாயி என்ன வேலை பார்த்தாள்?
3. அம்மாவின் போன். இந்த மாதக் கடைசியோடு அதை நிறுத்துவது.
4. வீட்டை விற்றுவிட்டு நான் அங்கே வருவது.
5. அம்மாவின் வேலையில் எனக்கு எந்தப் பங்கும் இருந்ததில்லை. ஆகவே அவள் போன பிறகு தில்லியில் எனக்கும் வேலை இல்லை. (நான்காவதற்கு இதுவே ஆதாரம்.)

நீ சிரிப்பது தெரிகிறது. அப்பா பால் வாங்கப் போனாலும் பாயின்ட் போட்டுத்தான் போவார் என்று சின்ன வயதிலேயே சொல்வாய். என்ன செய்வது, செக்ஷன் ஆபீசராக இருந்தவனுக்கு வேறு விதமாக யோசிக்க வருவதில்லை.

முதலாவது. வருஷ நாளைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். படத்துக்கு மாலை, நாலைந்து பேருக்குச் சாப்பாடு. யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்குக் கூச்சம். ஆனால் காலையிலிருந்தே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இஸ்திரி போடும் தம்பதி கடையை மூடிவிட்டு வந்தார்கள். பழைய குவார்ட்டர்ஸ் ஆட்கள் லோதி ரோடிலிருந்தும் கோல் மார்க்கெட்டிலிருந்தும் வந்தார்கள். நான் பார்த்தே இராத சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார்கள். பாட்டியா அம்மாள், அம்மா சொல்லிக்கொடுத்த நம் ஊர் அரிசியும் பருப்பும் சாதத்தைப் பெரிய குண்டானில் செய்துகொண்டு வந்தார். அதில் கரம் மசாலா போட்டிருந்தார். அம்மா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். நான் இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். சட்டைப் பையில் ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்றேன், தாளை எடுக்கவில்லை. வந்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டேன். அவளைப் பற்றி அவர்கள்தான் பேசினார்கள். நான் வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது. அம்மாயி எந்த ஆபீஸில் வேலை பார்த்தாங்க, சோஷியல் வொர்க்கர் என்று எழுதலாமா என்று ஷ்ருதி கேட்டாள். கேள்விக்குச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், நீ அவளுக்குப் படித்துக் காட்டு.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது, நாம் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒருநாள் காய் வாங்கப் போன அம்மா சாயங்காலம் வரை வரவில்லை. நான் பயந்து போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போனேன். உள்ளே போகத் தயங்கித் திரும்பிவிட்டேன். அவள் விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தாள். பஸ் ஸ்டாப்பில் சங்ககிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, எக்ஸ்ரே கவரைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். பெரிய ஆஸ்பத்திரியில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரியவில்லை, ஊருக்கே போய்விடலாம் என்று அந்த அம்மாள் அழுதிருக்கிறாள். இவள் அவர்களைத் திரும்ப உள்ளே அழைத்துப் போய், டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கிக் கொடுத்து, ஸ்டேஷனுக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள். கூடை காலி. காயை அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டாளாம். ரயிலில் போகிறவர்களுக்குப் பச்சைக் கத்திரிக்காய் எதற்கு என்று கேட்டேன். ‘கையில ஒண்ணுமில்லாம எப்புடிங்க அனுப்பறது?’ என்றாள்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி. நாம் மயூர் விஹாருக்கு வந்த பின்னும் விடவில்லை. முதலில் பஸ், பிறகு பிங்க் லைன் மெட்ரோ. வயர் கூடையில் புளிச்சோறு, ஒரு பெட்ஷீட், ஊக்கு, தைலம். ஊரிலிருந்து வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால், ‘மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் அழுவலாம்’ என்பாளாம். எட்டாம் வகுப்பு படித்தவள். அவள் ஹிந்தி காய்கறி வண்டிக்காரர்களிடம் கற்றது. நான் இலாகாப் பரீட்சை எழுதித் தேறியவன். ஆனால் அவள் பேசினால் வேலை நடந்தது. ஒரு சங்கத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வாரமே அது ஆஸ்பத்திரி வாசலில் குளிரில் நடுங்கிய ஒரு கிழவரின் தோளில் இருந்தது.

இதெல்லாம் உனக்குச் சந்தோஷமான ஞாபகமாக மட்டும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். உன் போர்டு பரீட்சை சமயத்தில் ஹாலில் திருவண்ணாமலைக்காரர்கள் படுத்திருந்தார்கள். நீ சமையலறையில் அரிசி டின்மேல் புத்தகத்தை வைத்துப் படித்தாய். இது வீடா சத்திரமா என்று கேட்டாய். அன்று நீ படித்து முடிக்கும்வரை அம்மாவும் தூங்காமல் உன் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஷ்ருதி இங்கே வந்திருந்தபோது அவளையும் அழைத்துப் போய், வரிசையில் இடம் பிடித்து நிற்க வைத்தாள். ‘நாங்க லைன்ல இருக்கோம் பையா’ என்று அவள் பெரிய ஹிந்தி அண்ணன்மாரை அதட்டியதை அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். அதை ஷ்ருதி எழுதலாம்.

இன்னொன்று. இது ஷ்ருதிக்கு அல்ல, உனக்கு. ராத்திரி நான் சாப்பிடும்போது அம்மா எதிரில் உட்கார்ந்து ஏதாவது கேட்பாள். ஊரில் ரேஷன் கார்டு இருக்கிறவருக்கு இங்கே மருந்தில் சலுகை உண்டா, ஒரு டாக்டர் எழுதியதை இன்னொரு டாக்டர் மாற்றினால் எதை எடுத்துக்கொள்வது, இப்படி. வாயில் சோறு இருக்கும். ஆனாலும் எனக்குத் தெரிந்தவரை ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டுச் சொல்வேன். பேச்சுத் துணைக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஏனென்றால் மறுநாளோ அதற்கு மறுநாளோ, ‘ஏனுங்க, அந்த மூணாவது என்னங்க?’ என்று திரும்பக் கேட்பாள். சொன்னதை மனதில் வாங்கிக்கொள்ளவில்லையோ என்று தோன்றும். கடைசி வருஷங்களில், மறதி ஆரம்பித்துவிட்டதோ என்றுகூடக் கவலைப்பட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது, போன். அம்மாவின் நம்பர் நம் ஊர்ப் பக்கத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. ஒரு வருஷமாகியும் அடிக்கிறது. ‘பாப்பம்மாளுங்களா?’ என்பார்கள். அவங்க காலமாயிட்டாங்க என்பேன். போன மாதம் கரூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் எனக்கு வெகுநேரம் ஆறுதல் சொன்னார். சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அன்று முழுவதும் மனம் சரியில்லை. இப்படி அழைக்கிறவர்களுக்கு வெறும் துக்கச் செய்தி சொல்வதற்காக ஒரு போன் வேண்டாம். நீதான் அங்கிருந்து ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறாய். மாதக் கடைசியில் முடிகிறது, விட்டுவிடலாம் என்று நீ சொன்னது சரி. விட்டுவிட்டால் நம்பர் கொஞ்ச நாளில் வேறு யாருக்கோ போய்விடும் என்கிறார்கள். போகட்டும்.

நான்காவது. டிசம்பரில் நீ வந்து வீட்டை விற்று முடித்துவிட்டு என்னை அழைத்துப் போவதாகச் சொன்னாய். நான் சரி என்றேன். தனியாக இருக்கும் கிழவனைப் பற்றிய கவலையோடு நீ அங்கே தூங்குவது நியாயமில்லை. பெரிய பாத்திரங்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். இன்னும் கொடுக்கவில்லை, நாளை பாட்டியா அம்மாளைக் கேட்கிறேன். என் புத்தகங்கள்

புதன்கிழமை

வைஷ்ணவி, வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் கீழே தொடர்கிறேன், காரணம் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று திங்கட்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, புத்தகங்களைப் பற்றி ஆரம்பித்தபோது அம்மாவின் போன் அடித்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல். பெயர் கவிப்ரியா, பென்னாகரத்துப் பக்கம். அப்பாவுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறதாம், காட்டுவதற்கு அழைத்து வந்திருக்கிறாள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ‘அப்ப நாங்க இனி யாரைக் கேக்கறதுங்க?’ என்றாள்.

என்ன விஷயம் என்று இந்த முறை கேட்டேன். டாக்டர் ஏதோ எழுதிக் கையில் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டாராம். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களா, ஆபரேஷன் கிடையாதா என்று கேட்க மறுபடி உள்ளே போகப் பார்த்தால் வாசலில் விடவில்லை. அப்பா காம்பவுண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார், ஊருக்கே போய்ச் சாகிறேன் என்கிறார். காவலாளியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த பரீட்சை ஹிந்தியில் விவரமாக விளக்கினேன். பாபுஜி, செய்தி வாசிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அங்கேயே இருங்க, நான் வர்றேன் என்று சொன்னது என் வாய்தான். சொன்ன பிறகு பயமாக இருந்தது. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் வீட்டிலிருந்தே படித்திருக்கலாம் என்பது மெட்ரோவில் ஏறிய பிறகுதான் தோன்றியது. இறங்கித் திரும்பிவிடலாமா என்றும் தோன்றியது. அந்தப் பெண் அங்கே நின்றுகொண்டிருப்பாள் என்பதால் இறங்கவில்லை.

அம்மாவோடு நான் அந்த இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை. அவ்வளவு ஜனத்தைப் பார்த்ததும் சுவரை ஒட்டி ஓரமாகவே நடந்தேன். கவிப்ரியா ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவள் அப்பா தோட்டத்தில் தக்காளி போடுகிற மனிதர். என்னைவிட இருபது வயது குறைவு, என்னைவிடத் தளர்ந்திருந்தார். கூடையில் புளிச்சோறு எதுவும் நான் கொண்டுபோகவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், காகிதங்களைக் காட்டச் சொன்னேன். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கலந்து கிடந்தன. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, தேதி வாரியாக மடியில் அடுக்கினேன். அடுக்கியதும் மனம் அடங்கியது. பேனாவால் சுண்டுவிரலைத் தொட்டுச் சொன்னேன். ஒன்று, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேனை இங்கேயே மறுபடி எடுக்க வேண்டும், அதற்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு, தேதி இரண்டு வாரம் தள்ளி இருப்பதால் ஊர் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும். மூன்று, அதுவரை தங்க இடம் பார்க்க வேண்டும்.

அந்த மனிதர் முதலாவதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் கேட்டார். அதையும் சொன்னேன். அப்புறம், தண்ணி இருக்குதா என்று மகளைக் கேட்டார். காலையிலிருந்து குடிக்கவே இல்லையாம்.

தங்கும் இடத்துக்காக உதவி கவுன்டருக்குப் போனேன். அங்கே ப்ரீதா என்று ஒரு சிஸ்டர், கேரளத்துப் பெண். கூட்டம் நெருக்கியது, சொல்ல வந்தது கலைந்துபோனது. அதனால் பேனாவை எடுத்து, விரலைத் தொட்டு, முதலாவது என்று ஆரம்பித்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் விரலையே பார்த்தார். பிறகு, ‘சாரே, நீங்கதானா பாயின்ட் சார்?’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. என் பெயர் அய்யாசாமி என்றேன். பாப்பம்மாவோட வீட்டுக்காரர்தானே என்று கேட்டுவிட்டு, அவர் பக்கத்துக் கவுன்டர்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். வாசலில் என்னைச் செய்தி வாசிக்கிறவன் என்ற காவலாளியும் வந்து எட்டிப் பார்த்தார். பாயின்ட் சார், பாயின்ட் சார் என்று அவர்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

நான் கேட்காமலே ப்ரீதா சொன்னார். எந்த நோயாளிக்கு என்ன சிக்கல் வந்தாலும் அம்மா உடனே பதில் சொல்ல மாட்டாளாம். எங்க ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேன், அவரு பாயின்ட் போட்டுச் சொல்லுவாரு என்பாளாம். மறுதடவை வரும்போது, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள்போல விரலை நீட்டி, ஒண்ணு, ரெண்டு என்று ஒப்பிப்பாளாம். இங்கிலீஷ் வார்த்தை வந்தால் தடுமாறுவாளாம். மூன்றாவது பெரும்பாலும் மறந்துபோகும். அப்போது அவளே சிரித்துக்கொண்டு, ‘மூணாவது நாளைக்கு’ என்பாளாம். அது அந்த கவுன்டரில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டதாம். வேலை தள்ளிப்போனால் இப்போதும் அங்கே மூணாவது நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொள்கிறார்களாம், ஹிந்திக்காரர்கள் உட்பட.

சாரை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்களேன் என்று ப்ரீதா கேட்டிருக்கிறார். அதற்கு அம்மா சொன்னதை அவர் மலையாளம் கலந்து சொன்னார். நான் அம்மாவின் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் கேட்டது. ‘கூட்டம்னா அவருக்கு ஆவாதுங்க. ஓடறதுக்கு நானிருக்கறேன். ஒக்காந்து ரோசன பண்றதுக்கு ஊட்ல ஒரு ஆளு வேணுமில்ல?’

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ப்ரீதா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது இன்னும் பாக்கி இருக்கிறது சிஸ்டர், தங்க இடம், என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நோயாளிகள் தங்கும் தர்மசாலையில் சனிக்கிழமைதான் அறை காலியாகிறதாம். அதுவரை அவர்கள் நம் ஹாலில் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அப்பா ஷ்ருதியின் மெத்தையில் படுத்திருக்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன். கவிப்ரியா சமையலறையில் புளி எங்கே என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, அவளே தேடி எடுத்தாள். நீ கொடுத்துவிடச் சொன்ன பெரிய குண்டானில்தான் இப்போது குழம்பு கொதிக்கிறது. நேற்று ராத்திரி நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து, ஆபரேஷன் என்றால் ரத்தம் யார் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

உன் கவலை எனக்குப் புரிகிறது. எனக்கு வயதாகிறது, விழுந்தால் தூக்க ஆளில்லை, எல்லாம் உண்மை. நான் தைரியசாலியாகிவிட்டேன் என்று எண்ணிவிடாதே. இன்று காலை போன் அடித்தபோதும் மூன்று முறை அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன். அம்மாவைப்போல ஓட என்னால் ஆகாது. ஆனால் எடுத்தேன்.

அதனால் இரண்டு வேண்டுகோள், கண்ணு. அந்த நம்பருக்கு மாதக் கடைசிக்குள் ரீசார்ஜ் போட்டுவிடு. ஒரு மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்குப் போடு. டிசம்பரில் நான் கட்டாயம் உன்னோடு வருகிறேன். உங்களையெல்லாம் பார்க்க வேண்டும், ஷ்ருதியோடு கடற்கரையில் நடக்க வேண்டும். டிக்கெட்டைப் போவதற்கும் வருவதற்கும் சேர்த்தே எடு.

ஷ்ருதியிடம், அம்மாயிக்கு ஆபீஸ் கிடையாது, ஆனால் ஒரு ஆபீசர் இருந்தார் என்று எழுதச் சொல். நீ தூங்காமல் படித்த அந்த ராத்திரிகளில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இப்போதும் உன் பக்கத்திலேயே இருந்து, நீங்கள் மூவரும் நிறைந்து வாழ வழி செய்வாள்.

உன் அப்பா,
அய்யாசாமி

திருத்தம்: கோப்பில் எழுதிய குறிப்பை அடிக்கக் கூடாது, கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். அதனால்தான் மேலே ஞாயிற்றுக்கிழமை எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன். ஐந்தாவது பாயின்ட் தவறு. – அ.